ஐந்து மணி வரை நின்றவன்

லைமன் எஸ்டெப்புக்கு ஊர் கூடி விழா எடுத்த சனிக்கிழமை, மேடையில் பேசிய ஐந்து பேரில் நாலு பேர் ஒழுங்காகத்தான் பேசினார்கள். ஐந்தாவது ஆள் மருந்துக்கடை கிளெல் மேடக்ஸ். இருமல் மருந்து வாங்கப் போகிறவனுக்கே இரண்டு நகைச்சுவையைக் கொசுறாகக் கட்டிக் கொடுத்து அனுப்புகிற மனுஷன். அவர் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்தது யார் குற்றம் என்று ஊர் பின்னால் வெகுகாலம் விசாரித்துக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூட ஆட்டக்கூடம் நிரம்பி வழிந்தது. வெளியே மார்ச் மாத மழை. உள்ளே நனைந்த கம்பளிச் சட்டைகளின் வாடை. லைமன் மேடை நாற்காலியில், முழங்கால்கள் மார்பை முட்ட, மடித்து வைத்த ஏணிபோல உட்கார்ந்திருந்தான். மூன்று வருஷம் லெக்சிங்டனில் மாநிலக் கல்லூரிக்குக் கூடைப்பந்து ஆடி, ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் புள்ளி எடுத்து, போன வாரம்தான் கடைசி ஆட்டத்தை முடித்துவிட்டு வந்திருந்தான். வடக்கே சம்பளத்துக்கு ஆடுகிற ஒரு குழு அவனைக் கேட்டிருந்தது. அதன் ஆள் ஒப்பந்தத் தாளோடு நீதிமன்றச் சதுக்கத்து விடுதியில் தங்கியிருந்தார்.

"அம்பத்தொண்ணுல நம்ம பையனுக்குப் பட்டாளத்துல இருந்து ஓலை வந்துச்சே, மறந்துட்டீங்களா?" என்று ஆரம்பித்தார் கிளெல். "காலேஜுல படிக்கிறவனை விட்டுடுவாங்க. ஆனா நம்மாளு வாங்குன மார்க்கைப் பாத்துட்டு அவங்களே கூப்பிட்டுட்டாங்க!"

சிரிப்பு. லைமனும் சிரித்தான்.

"பட்டாளத்துக்கு ஆறடி ஆறங்குலந்தான் கணக்கு. அதுக்கு மேல ஒரு நூல், அரைக்கால் அங்குலம், கூடினாலும் ஆள் வேணாம், அவ்வளவு நீளச் சட்டை அவங்ககிட்ட இல்ல. நம்ம பையனோ காலையில எந்திரிக்கும்போது கொஞ்சம் கூட, சாயங்காலம் கொஞ்சம் கம்மி. எவ்வளவு கம்மின்னு யாரும் அளந்து பாக்கல, எதுக்கு வம்பு! நின்னாச் சுருங்குறான், படுத்தா வளர்றான். லூயிவில்லுல அளக்கிற எடத்துக்கோ நூத்தம்பது மைலு. பஸ்ஸுல உக்கார வச்சுக் கொண்டுபோனா, போய்ச் சேரும்போது பட்டாளத்துக்காரனாத்தான் எறங்குவான். அப்பத்தான் நம்ம ஹோபர்ட் காண்ட்ரில் சொன்னாரு, 'நீட்டிப் படுக்கிற வண்டி என்கிட்ட இருக்கே'ன்னு!"

கூடம் அதிர்ந்தது. ஹோபர்ட் காண்ட்ரில் மரச்சாமான் கடை வைத்திருந்தார். ஊரில் யார் செத்தாலும் அடக்க வேலையும் அவருடையதுதான். கட்டிலும் அவர் கடையில், பெட்டியும் அவர் கடையில்.

"பொணவண்டி! விடியக்காலையில போர்வையச் சுத்தி உள்ள தள்ளிட்டாங்க. வழியெல்லாம் எதுர வந்த வண்டி ஓரங்கட்டி நிக்குது. புகையிலைக் கொட்டாயில இருந்தவன் தொப்பியக் கழட்டுறான். உள்ள நம்மாளு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறான்! வண்டிய ஓட்டுனது யாருங்கிறீங்க? நம்ம டெல்ப..."

அந்தப் பெயர் பாதியில் நின்றது. கிளெல் வாயைத் திறந்தபடியே நின்றார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்த, கடைசியில் கூரையின் மழை மட்டும் கேட்டது.

டெல்பர்ட், ஹோபர்ட்டின் ஒரே மகன். போன அக்டோபரில் கொரியாவில் ஒரு குன்றின் சரிவில் செத்தான். ஜனவரியில் அவன் உடல் மூடி முத்திரையிட்ட பெட்டியில் ரயிலில் வந்தது. ஹோபர்ட்டே நிலையத்துக்குப் போய் இறக்கிக் கொண்டுவந்தார். அவர் மனைவி வெர்டி இன்று முதல் வரிசையில், கருப்புத் தொப்பியும் கையுறையுமாக உட்கார்ந்திருந்தாள். அந்த விடிகாலைப் பயணத்தைப் பற்றி ஊரில் தெரியாத ஒரே ஆள் அவள்தான். அப்பாவும் மகனும் லூயிவில்லுக்குப் பிணம் எடுக்கப் போவதாக அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

வெர்டி எழுந்தாள். கிளெல்லையும் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்த புருஷனையும் பார்க்கவில்லை. மேடைக்கு நேர் கீழே வந்து நின்று அண்ணாந்தாள். நின்றால் லைமனின் சட்டைப்பைக்குக்கூட எட்டாத உயரம்.

"லைமன்."

"சொல்லுங்கம்மா."

"மணி என்ன?"

"பதினொண்ணரை."

"அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வா. அதுவரைக்கும் உக்காராதே. படுக்காதே. எது மேலயும் சாயாதே."

லைமன் அந்த நிமிஷமே எழுந்து நின்றான்.

*

இதில் கணக்கு எங்கே தப்பியது என்று சொல்ல வேண்டும்.

பட்டாளத்து ஆள்சேர்ப்புக் குழு பிறந்த தேதி வாரியாகத்தான் பெயர் எடுக்கும். மூத்தவன் முதலில். லைமன் மே மூன்றில் பிறந்தவன், டெல்பர்ட் அதே மே பதினொன்றில். அந்த நவம்பரில் அந்த ஊர் அடங்கிய கவுண்டியிலிருந்து கேட்டது ஒரே ஒரு ஆள். லைமன் தள்ளுபடி ஆனால் அடுத்தவன். ஒரு நாற்காலியை விற்பதற்குள் மூன்று பக்கமும் யோசிக்கிற ஹோபர்ட் இதை யோசிக்காமல் இல்லை. லைமனுக்கும் தன் மகனுக்கும் நடுவில் இரண்டு பையன்கள் இருந்தார்கள். டிசம்பரில் அழைப்பு இல்லை என்று குழுவின் எழுத்தரிடமே கேட்டு வைத்திருந்தார். ஜனவரியில் டெல்பர்ட் லூயிவில்லில் உடல் பதப்படுத்தும் படிப்பில் சேர்ந்துவிடுவான், படிக்கிறவனைத் தொடமாட்டார்கள். எல்லாம் சுத்தம்.

நடுவில் இருந்த இரண்டு பையன்களும் அதே வாரம் கைகோத்துக்கொண்டு போய்க் கப்பற்படையில் சேர்ந்துவிட்டார்கள். நவம்பர் ஓலை டெல்பர்ட் பெயருக்கு வந்தது.

சின்ன வயதில் லைமன் பாதி நாள் காண்ட்ரில் வீட்டில்தான். அப்பா ஓடைக்கு மேலே மரம் அறுக்கிறவர், அம்மா இல்லை. மழைக்காலத்தில் கடையின் மாடியில் ஆடுவார்கள். அங்கேதான் வெறும் சவப்பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார் ஹோபர்ட். உத்திரத்தில் ஒரு பீப்பாய் வளையத்தை அடித்து, இரண்டு அடுக்குக்கு நடுவில் நின்று லைமன் எறிவான். தாழ்ந்த கூரை என்பதால் அவன் எறி எப்போதும் தட்டையாகவே போகும். கல்லூரியில் பயிற்சியாளர் எவ்வளவோ முட்டிப் பார்த்தும் அது மாறவில்லை. டெல்பர்ட் வளையத்துக்குக் கீழே நிற்பான். பந்து உள்ளே விழுந்தால் பிடித்துத் திருப்பி எறிவான், தவறினால் எடுக்கமாட்டான். "உள்ள போட்டா நான் எடுத்துத் தாறேன். வெளிய போட்டா நீயே போய்ப் பொறுக்கு." பெட்டிகளுக்கு நடுவில் ஊர்ந்து பந்தைப் பொறுக்குவதற்குப் பயந்தே லைமன் நல்ல ஆட்டக்காரன் ஆனான்.

*

நாலு கட்டடம் தள்ளியிருந்த சாப்பாட்டுக் கடையில் அவனுக்கென்று மேசை போட்டு வைத்திருந்தார்கள். அவன் உள்ளே போய்ச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றான். கடைக்காரி உப்பிட்ட பன்றித் தொடைக்கறியும் அவரையும் சோளரொட்டியும் வைத்த தட்டை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். எதுவும் கேட்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.

"நாற்காலி உடைஞ்சிடும்னு பயமா தம்பி?" என்று தெரியாத ஒருத்தன் கேட்டான். பக்கத்தில் இருந்தவன் அவனைக் காலால் உதைத்தான்.

மற்றவர்கள் வேறு பேச்சுக்குத் தாவினார்கள். வேறு பேச்சு என்றால் அந்த ஊரில் கடைசி ஆட்டம்தான்.

"கோட்டுல நின்னு தனியா எறியிற எறி ஒம்பது. ரெண்டுதான் உள்ள. போன வருஷம் இதே பையன் கண்ணை மூடிட்டுப் போடுவான்."

"முழங்காலு போச்சுய்யா."

"முழங்காலா? எவளாவது இருப்பா. லெக்சிங்டன் பொண்ணுங்க லேசுப்பட்டவளுங்களா?"

"அவனே நிக்கிறான், கேளேன்."

யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் என்ன சொல்வது? ஜனவரியிலிருந்து அவன் கோட்டில் நின்று, பந்தை இரண்டு கையாலும் முழங்காலுக்கு நடுவில் தாழ்த்தும்போது, வளையத்துக்குக் கீழே ஒரு ஆள் கையை நீட்டிக்கொண்டு நின்றான். எதிர்க்குழு ஆட்கள் நிற்கிற வரிசையில் இல்லை. யாரும் நிற்காத நேர் கீழே. பந்து உள்ளே போனால் அந்தக் கைக்குத்தான் போகும், அது அதைத் திருப்பி எறியும். திரும்பி வருகிற பந்தைத் தொட லைமனுக்குத் தைரியம் இல்லை. வெளியே போட்டுவிட்டால் யாராவது உயிருள்ளவன் பாய்ந்து எடுத்துக்கொள்வான். டெல்பர்ட்டின் அடக்கத்தன்று லைமன் வெளியூரில் ஆடிக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் விடவில்லை என்று ஊரில் சொன்னான். அவன் கேட்கவே இல்லை என்பது பயிற்சியாளருக்குத் தெரியும்.

வடக்கிலிருந்து வந்த ஆள், ஷ்ரோடர், குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "எஸ்டெப்! உக்காந்து கையெழுத்தை முடிச்சிடலாமா?"

"இன்னைக்கு உக்கார முடியாதுங்க."

"நின்னுக்கிட்டே போடு. பேனா நான் தர்றேன்."

"திங்கக்கிழமை போடுறேங்க."

ஷ்ரோடர் அவனை மேலும் கீழும் பார்த்தார். குதிரையின் பல்லைப் பார்த்த பிறகு நடையைப் பார்க்கிறவனின் பார்வை. "ஒடம்பு சரிதானே?"

"ஒடம்புக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கு."

இரண்டு மணிக்கு மழை விட்டது. லைமன் சதுக்கத்தில் நடந்தான். எதிர் மலைச்சரிவுகளில் புகையிலை நாற்றுப் பாத்திகளின்மேல் விரித்த வெள்ளைத் துணிகள் நனைந்து, நீள நீளமாகப் படிந்து கிடந்தன. வழக்கமாக அவன் தோளைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் இன்று எதிர்ச்சாரியில் போனார்கள். ஒரு கிழவர் மட்டும் நின்று, அவனைப் பார்த்து, தொப்பியைக் கழற்றினார். அது மரியாதைதானா, வேறு ஏதாவதா என்று லைமனுக்கு விளங்கவில்லை. அவனுக்கு முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக ஒன்றன்மேல் ஒன்று உட்காருவது போலிருந்தது.

மூன்றரைக்கு மரச்சாமான் கடை வாசலில் ஹோபர்ட் நின்று கூப்பிட்டார். உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டார். சுற்றிலும் சோபாவும் சாய்வு நாற்காலியும் மெத்தையும்.

"படு" என்றார்.

"என்னங்கய்யா?"

"அந்தக் கட்டில்ல படு. யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேரம்."

"அம்மா சொல்லியிருக்காங்க."

"சரி, அரை மணி. அரை மணி படுத்தா ஒலகம் முழுகாது."

"வேணாங்கய்யா."

"கால் மணிடா! கால் மணிக்குக்கூடவா வழியில்ல? சரி, படுக்க வேணாம், உக்காரு. கால நீட்டி உக்காரு, முதுகு கொஞ்சம் எளகட்டும்." விற்கும்போது எப்படிப் படிப்படியாக இறங்குவாரோ அப்படியே இறங்கினார். கடைசிப் படிக்கு வந்ததும் அவரே சாய்வு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "அவ பெட்டி கட்டிட்டா, லைமன். கட்டில் மேல பெட்டி இருக்கு. அக்கா வீட்டுக்குப் போறாளாம். என்கிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. 'சாயங்காலமும் அவன் அளவுக்கு மேல இருந்தா, வண்டி ஏத்துனதால ஒண்ணும் ஆகல. எப்படியும் நம்ம பிள்ளைதான் போயிருப்பான். கீழ இருந்தா, நீங்கதான் அவனை அனுப்புனீங்க.' அவ்வளவுதான். பஸ்ஸு ஆறரைக்கு."

லைமன் கட்டிலை விட்டு ஒரு அடி தள்ளி நின்றான்.

"நான் உனக்காகத்தான்டா செஞ்சேன்."

"தெரியுங்கய்யா."

"உனக்காகக்கூட இல்ல." ஹோபர்ட் தரையைப் பார்த்தார். "ஆட்டத்துக்காக. அந்த வருஷம் நாம ஜெயிப்போம்னு. பக்கத்துக் கவுண்டிக்காரன் வாயை அடைக்கணும்னு. இதுக்குப் போயி..." பிறகு, சந்தையில் கடைசிச் சரக்கை நீட்டுகிறவன்போல ரகசியமாகச் சொன்னார்: "குதிகாலை லேசாத் தூக்கிக்கடா. ரெண்டு நூல். உன் பேன்ட்டு மறைச்சுக்கும்."

*

ஐந்து மணிக்குச் சமையலறை ஜன்னலில் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தது. பெட்டி கட்டிய வீட்டில் ஏன் சமைக்கிறாள் என்று லைமனுக்குத் தோன்றியது. பிறகு, சனிக்கிழமை அவள் கை சமைக்காமல் இருக்காது என்று பட்டது.

வெர்டி கூடத்துக்குப் போகிற கதவுநிலையைக் காட்டினாள். "பூட்ஸைக் கழட்டு. காலுறையும் வேணாம்."

கழற்றினான். தரை சில்லென்றிருந்தது. நிலையில் முதுகை வைத்து நின்றான்.

"பேன்ட்டு முனைய மடிச்சு விடு."

ஹோபர்ட் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க வாங்க" என்றாள் வெர்டி. "மண்டி போட்டு அவன் குதிகாலைப் புடிங்க. தரையில ஒட்டியிருக்கா, இல்லையா, நீங்களே சொல்லணும்."

ஹோபர்ட் தொப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டு மண்டி போட்டார். அவர் உள்ளங்கைகள் லைமனின் குதிகால்களைச் சுற்றின. கொஞ்சம் தூக்கினாலும் ஹோபர்ட் காட்டிக்கொடுக்கமாட்டார். தூக்கு, தூக்கு என்று அந்தக் கைகளே மேலே தள்ளுவது போலிருந்தது. லைமன் பலம் முழுவதையும் கீழே இறக்கிக் குதிகாலைத் தரையில் அழுத்தினான்.

"ஒட்டியிருக்கு" என்றார் ஹோபர்ட். மறுபடி சொன்னார்.

வெர்டி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தலையணை வைத்து, அதன்மேல் ஏறினாள். காதில் பென்சில், கையில் கெட்டி அட்டைப் பாட்டுப் புத்தகம். அவள் முகம் இப்போது லைமனின் முகத்துக்கு நேராக இருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை. டெல்பர்ட்டுக்கும் இதே சாம்பல் கண்.

"நேராப் பாரு. மூச்சை இழுக்காதே."

புத்தகம் அவன் உச்சியில் வந்து உட்கார்ந்தது. முடியை அழுத்திக்கொண்டு மண்டையோட்டில் படிந்தது. பென்சில் நிலையை நோக்கிப் போனது. போன இடத்தில் நின்றது.

வெர்டி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். லைமனும் கண்ணை மட்டும் தாழ்த்தினான். ஹோபர்ட் இன்னும் மண்டி போட்டு, அவன் கால்களைப் பிடித்தபடி இருந்தார். மேலிருந்து பார்த்தால் அவருடைய வழுக்கை தெரிந்தது; ஒரு பக்க முடியை நீளமாக வளர்த்து மறுபக்கம் வரை சீவி மூடியிருந்தார். தொப்பியைக் கழற்றியதில் அது கலைந்து, நடுவில் சிவந்த தோலும் இரண்டு தழும்பும் வெளியே கிடந்தன. லைமன் உலகத்தை அங்கிருந்துதான் பார்த்து வளர்ந்தான். யார் தலையும் அவனுக்குப் புதிதில்லை. வெர்டிக்குப் புதிது. முப்பது வருஷமாக அந்தத் தலையைக் கீழிருந்தே பார்த்தவள்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ. கோழிச் சட்டியின் மூடி தடதடத்தது.

பிறகு லைமன் உச்சியில் ஏதோ நுழைவதை உணர்ந்தான். புத்தகத்துக்கும் அவன் தலைக்கும் நடுவில், குளிர்ந்த ஒரு விரல். முடியைத் தள்ளிக்கொண்டு மெதுவாக, குறுக்காக, முழுசாக நுழைந்தது. புத்தகம் அந்த அளவுக்கு மேலே ஏறியது. பென்சில் கீறுகிற சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

"ஆச்சு. தள்ளி நில்லு" என்றாள். நாற்காலியிலிருந்து இறங்கினாள். "நீங்களே அளங்க. உங்க மடக்கு அளவுகோல்லயே அளங்க."

பிணத்தை அளக்கிற அந்த அளவுகோலைத் திருப்பித் திருப்பி விரித்தார் ஹோபர்ட். தரையிலிருந்து நிலையோடு பிடித்துக்கொண்டு, வெர்டி இறங்கிய நாற்காலியில் தானே ஏறி, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, கோட்டைப் பார்த்தார். ஒரு தடவை. இன்னொரு தடவை.

"ஆறடி ஆறு... மேல ரெண்டு நூல்." திரும்பினார். "வெர்டி, ரெண்டு நூல் மேல! சாயங்காலத்துலயும் ரெண்டு நூல் மேல!" நாற்காலியின் மேலேயே நின்று அழுதார். அழுகைக்கு நடுவில், "அப்ப அந்த வண்டியே வேண்டியதில்ல. சும்மாவே தள்ளுபடி ஆகியிருப்பான். நூத்தம்பது மைலு வீணா அலைஞ்சிருக்கோம்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரித்துவிட்டு அழுதார்.

"கை கழுவிட்டு வாங்க. கோழி ஆறுது" என்றாள் வெர்டி.

அவர் பின்கட்டுக்குப் போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. லைமன் வெறுங்காலோடு அதே இடத்தில் நின்றான். ஒரு விரலின் கனம் நாலு நூல். கழித்துப் பார்க்க அவனுக்குக் கல்லூரிப் படிப்பு தேவைப்படவில்லை.

"அம்மா..."

"பேசாதே." அவள் குரல் தாழ்ந்திருந்தது. அந்த விரலை மற்றக் கையால் பொத்திப் பிடித்திருந்தாள், சுட்டுக்கொண்டவள்போல. "அந்த மனுஷனை விட்டுட்டுப் போனா, ஒரு வாரத்துல மாடியில ஒரு பெட்டிக்குள்ள ஏறிப் படுத்துக்குவாரு. எனக்கு ஒருத்தனைப் பறிகொடுத்தது போதும்."

"நான் அவருகிட்ட உண்மையச் சொல்றேம்மா. நான்தானே படுத்துக்கிட்டுப் போனேன்..."

"சொல்லு. சொல்லிட்டு உன் மனசை லேசாக்கிட்டு வடக்க போய் ஆடு. இங்க நாங்க கெடந்து சாகுறோம்." அவனை அண்ணாந்து பார்த்தாள். "இது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான் இருக்கணும். என்னால தனியா வச்சிக்க முடியாது, லைமன். வாரா வாரம் ஞாயித்துக்கிழமை வரணும். அவருக்கு ஆட்டத்தைப் பத்திப் பேச ஆளு வேணும். எனக்கு..." அதை அவள் முடிக்கவில்லை.

"வடக்க கூப்பிடுறாங்கம்மா."

"தெரியும்."

குழாய் நின்றது.

"வர்றேம்மா" என்றான் லைமன்.

அவள் போய்க் கட்டில்மேல் இருந்த பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு உடுப்பாக எடுத்து ஆணியில் மாட்டினாள். அதுவரை மூன்று தட்டும் மேசைமேல் காத்திருந்தன. லைமன் பதினொன்றரைக்குப் பிறகு முதல் தடவையாக உட்கார்ந்தான்.

*

ஷ்ரோடர் செவ்வாய்க்கிழமைவரை பார்த்துவிட்டு, பேனாவை மூடிக்கொண்டு ரயில் ஏறினார். லைமன் எஸ்டெப் ஏன் போகவில்லை என்பதற்கு அந்த ஊரில் பதினைந்து காரணமாவது கிடைக்கும். முழங்கால், லெக்சிங்டன் பெண், சாராயம், பயம். கேட்கிறவர் முகத்துக்குத் தகுந்த சரக்கை எடுத்துக் கொடுப்பார்கள். அவன் ஹோபர்ட் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தான். கட்டில் ஏற்றுவான், இறக்குவான், மற்ற வேலைக்கும் ஒரு தோள் கொடுப்பான். பந்தைத் தொட்டதாக யாரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறமாட்டான். மேசைக்கு வருகிற பாதிரியாரானாலும் சரி, மெத்தை விற்க வந்தவரானாலும் சரி, ஹோபர்ட் முள்கரண்டியை நீட்டிக் கதவுநிலையைக் காட்டாமல் விடமாட்டார்.

"அந்தக் கோட்டைப் பாத்தீங்களா? நம்ம பையன் உயரம். அதுவும் சாயங்காலத்துல, நாள் பூரா நின்ன பொறகு! காலையில அளந்தா இன்னும் மேல போகும். பட்டாளத்துக்காரன் கைய விரிச்சுட்டான்ல!" பிறகு உற்சாகம் தாங்காமல் திரும்புவார். "லைமன், எந்திரிடா. போயி நிலையில நின்னு காட்டு."

லைமன் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

வெர்டி ரொட்டிக் கூடையை விருந்தாளி பக்கம் தள்ளுவாள். ஒரு ஞாயிறும் தவறாமல், ஒரே குரலில் சொல்வாள்:

"சாப்பிடுற பிள்ளைய எழுப்பாதீங்க."